எழுதி முடித்த நூல்களைப் பராமரித்தல்: பல துறை நூலாசிரியர் ஒருவர் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய ஆசிரியர் புனைவு எழுதியதே இல்லை. வேதியியல் படித்துவிட்டு ஓர் அறிவியல் மாத இதழில் மெய்ப்புத் திருத்துபவராகச் சேர்ந்தவர். அந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பக்கத்தை ஏற்க யாரும் முன்வராததால் அது அவர் கைக்கு வந்தது. எந்தத் துறையிலிருந்து கேள்வி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வால்வெள்ளி பற்றி ஒருவர் கேட்பார், காமாலை பற்றி இன்னொருவர் கேட்பார், குறிப்பிட்ட தேதிக்குள் இரண்டுக்கும் பதில் வேண்டும். பல ஆண்டுகள் அதைச் செய்தவருக்குத் தெரியாத துறைக்குள் நுழையும் தயக்கம் போய்விட்டது. நுழைவதற்கான ஒழுங்கும் பழகிவிட்டது.

1980களின் பிற்பகுதியில் அவருடைய முதல் நூல்கள் வந்தன. அடுத்த முப்பது ஆண்டுகளில் சிறுவர்களுக்கான வானியல், மனித உடல், முதலுதவிக் கையேடு, அளவைகளின் வரலாறு, அறிவியலாளர் வாழ்க்கை வரலாறுகள், பயணக் கட்டுரைகள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். இதைப் பன்முகத் திறமை என்று எல்லோரும் பாராட்டுவார்கள். திறமை இருந்தது உண்மைதான். ஆனால் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பாதி பிழைப்பின் கட்டாயம். ஒரு நூலின் முன்பணம் அடுத்த நூல் முடியும்வரை தாங்காது. பதிப்பாளர் கேட்கும் தலைப்பை ஏற்றால்தான் மாதம் ஓடும். சில நூல்களுக்கு ராயல்டி உண்டு. பலவற்றை ஒரே தொகைக்கு உரிமையோடு விற்றுவிட்டார்.

அவருடைய வேலைமுறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் நடந்தவை அதைப் பொறுத்தே அமைந்தன. ஒரு புதிய துறையை எடுத்ததும் முதலில் அத்துறையில் சிறுவர்களுக்கு எழுதப்பட்ட நூலைப் படிப்பார், பிறகு கல்லூரிப் பாடநூல், அதன்பின் ஆய்விதழ்களில் வரும் தொகுப்புக் கட்டுரைகள். கடைசியாக, அந்தத் துறையில் அன்றாடம் வேலை பார்க்கும் ஒருவரைத் தேடிப் போவார். பேராசிரியரைவிட ஆய்வக உதவியாளரிடமும் செவிலியரிடமும் அதிகம் கற்றதாகச் சொல்வார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறிப்பேடு. இடப்பக்கத்தில் தகவல், வலப்பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்ற விவரம், பக்க எண்ணோடு. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்த பல துறை எழுத்தாளர்கள் மிகச் சிலரையே நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நூல் அச்சுக்குப் போனதும் அந்தத் துறையை அவர் விட்டுவிடுவார். அடுத்த துறை காத்திருக்கும். பழைய நூல் மறுபதிப்பாக வந்துகொண்டேயிருக்கும். அவர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

சிக்கல் வெளிப்பட்ட விதம்

2010களின் நடுவில், முதலுதவிப் பயிற்சி தரும் செவிலியர் ஒருவர் ஆசிரியருக்கு நீண்ட கடிதம் எழுதினார். பயிற்சிக்கு வந்த ஒருவர் கையில் ஆசிரியரின் முதலுதவிக் கையேடு இருந்திருக்கிறது. புத்தம்புதிய மறுபதிப்பு, உள்ளே இருந்ததோ 1980களின் பாடம்.

கடிதம் மரியாதையாகவும் துல்லியமாகவும் இருந்தது. மூச்சும் நாடியும் நின்றவருக்கு முதலில் மூச்சுப்பாதை, அடுத்து செயற்கை மூச்சு, அதன்பின் மார்பு அழுத்தம் என்று கையேடு சொல்லியது. அமெரிக்க இதயச் சங்கம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வரிசையை மாற்றி மார்பு அழுத்தத்தை முதலில் வைத்துவிட்டது. 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று நூலில் இருந்தது. பெரியவர்களுக்கு அது 30-க்கு 2 என்று 2005-லேயே மாறிவிட்டது. வலிப்பு வந்தவரின் பற்களுக்கிடையே துணி வைக்கும்படி இன்னொரு பக்கம் சொல்லியது. வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பதே இன்று எல்லாப் பயிற்சிகளிலும் சொல்லப்படுவது. பல் உடையலாம், மூச்சு அடைக்கலாம், உதவுபவரின் விரல் கடிபடலாம்.

எழுதப்பட்ட காலத்தில் முதலிரண்டும் பிழையல்ல, அன்றைய வழிகாட்டுதல் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது அன்றே கேள்விக்குரியது. குறிப்பேட்டைப் புரட்டியபோது, மற்ற தகவல்களுக்கெல்லாம் மூலம் எழுதியிருந்த ஆசிரியர் இதற்கு மட்டும் வலப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தது தெரிந்தது. எல்லோரும் அறிந்தது என்ற எண்ணத்தில் மூலம் தேடாமல் விட்டிருக்கிறார்.

ஆசிரியர் என்னை அழைத்தது இந்தக் கட்டத்தில்தான். அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் சிலவற்றுக்கு நான் பதிப்பாசிரியராக இருந்தவன். இந்த ஒரு நூலை மட்டும் பார்த்தால் போதாது, எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்கிப் பார்க்க வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

அலமாரியை ஆராய்ந்தபோது

நூல்கள் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை என்பது முதலில் கண்ணில் பட்டது. இதயமீட்பு வழிகாட்டுதல்கள் 2000 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வந்தன. ஒரு முதலுதவி நூலுக்கு அதற்கு மேல் ஆயுள் எதிர்பார்க்க முடியாது. பயணக் கட்டுரைகளில் ஒரு வரிகூட மாற்றத் தேவைப்படவில்லை. அவை ஒரு காலத்தைப் பற்றிய சாட்சியம், காலம் கடந்தது அவற்றுக்குக் குறையல்ல.

இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தவைதான் சிக்கலானவை. சிறுவர் வானியல் நூலில் கோள்கள் ஒன்பது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்திய பிறகும் அந்நூல் இருமுறை மறுபதிப்பானது. வியாழனுக்கு 16 நிலவுகள் என்றிருந்தது. இன்று அறியப்பட்டவை 90-ஐத் தாண்டிவிட்டன.

மனித உடல் நூலின் நிலை இன்னும் மோசம். இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமான உணவுமே காரணம் என்று ஒரு முழுப் பகுதி இருந்தது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-லேயே ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது, நோபல் பரிசு 2005-இல்தான் வந்தது. ஆசிரியர் படித்த பாடநூல்கள் அந்த இடைவெளியில் அச்சானவை. மரபணுக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் என்றும் அந்நூல் சொன்னது. மனித மரபணுத்தொகைத் திட்டம் 2003-இல் நிறைவடைந்தபின் அந்த எண் சரிந்து, புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 என்ற அளவில் நிற்கிறது.

அளவைகளின் வரலாறு நன்றாகத் தாங்கியிருந்தது. மீட்டரை ஒளியின் வேகத்தால் வரையறுத்த 1983-ஆம் ஆண்டு மாற்றம் உள்ளே சரியாக இருந்தது. பாரிசுக்கு அருகே பாதுகாக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் உருளையே கிலோகிராம் என்பதும் அப்போது சரிதான். ஆனால் அந்த உருளைக்கு ஓய்வு கொடுக்கும் முயற்சி நெருங்கிவிட்டதால் இந்நூலுக்கு இன்னும் சில ஆண்டுகளே மிச்சம் என்று குறித்துவைத்தோம்.

வாழ்க்கை வரலாறுகளில் வேறுவகைக் குறை. தகவல்கள் உறுதியாக இருந்தன. மேற்கோள்கள் சிலவற்றுக்கு மூலம் இல்லை. புகழ்பெற்ற அறிவியலாளர்கள் சொன்னதாக உலவும் வாக்கியங்களில் பல அவர்கள் சொல்லாதவை என்பது இத்துறையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். குறிப்பேட்டில் மூலம் இருந்த மேற்கோள்களை ஓரிரு நாளில் சரிபார்க்க முடிந்தது. மூலம் இல்லாத ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் நேரத்தைத் தின்றது.

ஒப்பந்தங்கள்

பிழைகள் தெரிந்தால் திருத்திவிடலாம் என்றுதான் ஆசிரியர் நினைத்திருந்தார். ஒப்பந்தங்களை வரிசையாக அடுக்கியபோது நூல்களில் பாதிக்கு மேல் அவர் கையில் இல்லை என்பது தெரிந்தது.

முதலுதவிக் கையேடு ஒரே தொகைக்கு விற்கப்பட்டது. மறுபதிப்பைத் தடுக்க அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை ஆசிரியரின் அறநெறி உரிமைகளைக் காக்கிறது. தன் பெயர் நூலில் இருக்க வேண்டும் என்று கோரலாம், தன் மதிப்பைக் குலைக்கும்படி நூலைச் சிதைப்பதை எதிர்க்கலாம். எழுதியதைத் திரும்பப் பெறும் உரிமை அதில் இல்லை. பிரான்சுச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை உண்டு, ஆனால் பதிப்பாளரின் இழப்பை முன்னதாகவே ஈடுகட்ட வேண்டும்.

உரிமை மாற்றத்துக்குச் சட்டம் வைக்கும் வரம்புகளும் நாட்டுக்கு நாடு வேறு. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்று கொள்கிறது இந்தியச் சட்டம். அமெரிக்காவில் 1978 முதல் ஆசிரியரே எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப் பின் முடித்துக்கொள்ள வழியுண்டு, கூலிக்கு எழுதிய படைப்புகளுக்கு அது பொருந்தாது. ஆசிரியர் கையெழுத்திட்ட தாள்களில் ‘பதிப்புரிமைக் காலம் முழுதும்’ என்று வெளிப்படையாகவே இருந்தது. குறுக்கு வழி எதுவும் கிடைக்கவில்லை.

ராயல்டி அடிப்படையிலான ஒப்பந்தங்களில், நூல் ‘அச்சில் இல்லாமல் போனால்’ உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் என்ற விதி இருந்தது. மின்னூலும், யாராவது கேட்டால் ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிட்டுத் தரும் முறையும் வருவதற்கு முன் எழுதிய விதி அது. கடையில் ஒரு பிரதிகூட இல்லாத நூலும் இன்று ஏதோ ஓர் இணைய விற்பனைப் பட்டியலில் உயிரோடிருக்கும். விற்பனையில் இருக்கிறது என்று பதிப்பாளர் சொன்னால் மறுக்க வழியில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகளைப் பேசினோம். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஆசிரியர் புதிய நூல்களைத் தொடர்வது ஒன்று. எல்லாவற்றையும் திருத்துவது இன்னொன்று. தேர்ந்தெடுத்துத் திருத்துவது மூன்றாவது.

முதல் வழியை ஆசிரியரே தள்ளிவிட்டார். இரண்டாவது அவருக்குப் பிடித்திருந்தது, நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. ஒரு நூலை முறையாகத் திருத்தப் புதிய நூல் எழுதுவதற்கு ஏறக்குறைய சமமான உழைப்பு வேண்டும். அதற்குப் பணம் தரும் விதி அவருடைய ஒப்பந்தங்களில் ஒன்றில்கூட இல்லை.

எந்த அளவுகோலால் தேர்ந்தெடுப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. சிறுவர் வானியலை முதலில் எடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருக்கு மிக நெருக்கமான நூல், பிழையும் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. நான் முதலுதவியை முன்வைத்தேன். பிழை எவ்வளவு பெரியது என்பதைவிட, அந்த வரியைப் படித்தவர் அடுத்து என்ன செய்வார் என்பதே கேள்வி என்று வாதிட்டேன். கோள்கள் ஒன்பது என்று நம்பும் குழந்தைக்குப் பள்ளியில் ஒரு மதிப்பெண் போகலாம். வலிப்பு வந்தவரின் வாயில் துணியைத் திணிப்பவர் ஓர் உயிரோடு விளையாடுகிறார். அவர் ஒப்புக்கொண்டார்.

அதன்படி நூல்களைப் பிரித்தோம். வாசகர் படித்ததைச் செயலில் இறக்கக்கூடிய நூல்கள் முதல் வகை: அவற்றை உடனே நிறுத்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். தகவல் பழையதாகி, தீங்கு செய்யாதவை இரண்டாம் வகை: உரிமை கிடைத்தால் திருத்தலாம். எஞ்சியவற்றுக்கு, எழுதிய ஆண்டைத் தெளிவாகச் சொல்லும் முன்னுரை ஒன்று போதும்.

முதலுதவி நூலில் ஆசிரியர் எடுத்த ஒரு முடிவு என்னைப் பெரிதும் மதிக்க வைத்தது. அதைத் தானே திருத்தப்போவதில்லை என்றார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் துறையைத் தொடர்ந்து கவனிப்பவர்தான் அதன் ஆசிரியராக இருக்க வேண்டும் என்று சொல்லி, கடிதம் எழுதிய செவிலியரையே முதன்மை ஆசிரியராக்கும்படி பதிப்பாளருக்குப் பரிந்துரைத்தார். தன் பெயர் இரண்டாவதாக வந்தால் போதும் என்றார், கட்டணமும் கேட்கவில்லை.

பதிப்பாளர் எளிதில் இசையவில்லை. கிடங்கில் புதிய மறுபதிப்பு இருந்தது. திருத்தச் சீட்டு ஒட்டி விற்றுவிடலாம் என்றார்கள். பிற நூல்களுக்குச் சீட்டு போதும், அவசரத்தில் நேராக உரிய பக்கத்துக்குப் புரட்டப்படும் கையேட்டுக்கு அது பயன்படாது. செவிலியர் பிழைகளைப் பக்க எண்ணோடு பட்டியலிட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். உங்கள் வெளியீட்டில் ஆபத்தான அறிவுரை உள்ளது என்று எழுத்தில் தெரிவிக்கப்பட்ட பின் அதை விற்பது அவர்களுக்கும் பாதுகாப்பானதல்ல. அந்தத் தாள் போன சில வாரங்களில் விற்பனை நின்றது.

பின்விளைவுகள்

முதலுதவி நூல் புதிய ஆசிரியரோடு வெளிவந்தது. வழிகாட்டுதல்கள் 2020-இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டபோது, யாரும் நினைவூட்டாமலே அடுத்த திருத்தம் தயாரானது.

உரிமையைத் திருப்பித் தரும்படி எழுதிய கடிதங்களுக்குக் கிடைத்த பதில்கள் ஒரே மாதிரி இல்லை. ஒரு பதிப்பகம் ஒரு மாதத்துக்குள் கையெழுத்திட்டுத் தந்துவிட்டது. இன்னொன்று மின்னூல் விற்பனையில் இருப்பதாகச் சொல்லி மறுத்தது. மனித உடல் நூலை வெளியிட்ட பதிப்பகம் இருமுறை கைமாறியிருந்தது. மூல ஒப்பந்தம் எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியரிடம் இருந்த நகலை அனுப்பியும் பதில் இல்லை. அந்த நூல் இரைப்பைப் புண் பகுதியோடு இன்றும் மின்னூலாகக் கிடைக்கிறது. இந்த முயற்சியில் எங்களால் தீர்க்க முடியாமல் போனது அது.

வானியல் நூலின் உரிமை திரும்பியது. ஒன்பதை எட்டாக்கி விட்டுவிடாமல், ஒரு கோளை எப்படி வரையறுப்பது என்ற விவாதத்தையே ஒரு முழு அத்தியாயமாக எழுதினார். புளூட்டோவை ஒத்த அளவுள்ள எரிஸ் என்ற விண்பொருள் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டதும், புளூட்டோவைக் கோள் என்றால் எரிசையும் கோள் என்றுதானே சொல்ல வேண்டும் என்ற கேள்வி எழுந்ததும் அதில் கதைபோல வருகின்றன. என் கணிப்பில் அவர் சிறுவர்களுக்கு எழுதியவற்றுள் அதுவே மிகச் சிறந்தது. முதல் பதிப்பு எழுதிய வயதில் அவரால் அதை எழுதியிருக்க முடியாது.

கிலோகிராமின் புதிய வரையறை 2019 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இயற்பியலின் மாறாத எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியைக் கொண்டு நிறையை வரையறுக்கும் முறையை விளக்கும் கடைசி அத்தியாயத்தோடு அளவைகள் நூலும் புதுப்பிக்கப்பட்டது. விற்பனை குறைவு. வாழ்க்கை வரலாறுகளில் மூலம் கிடைக்காத மேற்கோள்கள் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று வாசகர்கள் அதிகம் எடுத்தாளும் வாக்கியம். அது ஏன் காணோம் என்று கேட்டு இன்னும் கடிதங்கள் வருகின்றன.

இதற்கெல்லாம் ஆசிரியர் கொடுத்த விலை குறைவல்ல. அந்த ஆண்டுகளில் அவர் புதிய நூல் எதையும் எழுதவில்லை, வருமானம் வெகுவாகக் குறைந்தது. திட்டமிட்டிருந்த ஒரு பெரிய நூல், நிறங்களின் வேதியியல் வரலாறு, குறிப்பேட்டு நிலையிலேயே நின்றுவிட்டது. உடல்நலம் தளர்ந்தபோது, தன்னிடம் தொழில் கற்ற இளைய எழுத்தாளர் ஒருவரை, தனக்குப் பின் தன் நூல்களைக் கவனிக்கும் இலக்கியப் பொறுப்பாளராக உயிலில் எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் காலமானார். குறிப்பேடுகள் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்றன.

மாற்ற வேண்டியவை

பல துறைகளில் கால் வைத்ததால்தான் இப்படி ஆனது என்று சிலர் இந்நிகழ்வைக் காட்டிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஏற்கவில்லை. துறை வல்லுநர்கள் எழுதிய பழைய நூல்களிலும் இதே பிழைகள் இதே வடிவில் உள்ளன. வல்லுநர் ஒரு துறையைக் கவனித்தால் போதும், பல துறை எழுத்தாளர் தான் எழுதிய அத்தனையையும் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பதே வேறுபாடு. நூல் வெளியானதும் வேலை முடிந்தது என்று கருதும் பழக்கம், எழுதும் துறைகள் கூடக்கூட அதிகத் தீங்கு செய்கிறது.

இன்று இதே பாதையில் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது ஒப்பந்தம் பற்றித்தான். ‘அச்சில் இருக்கும்வரை’ என்ற சொற்றொடரை ஏற்க வேண்டாம். ஓராண்டில் இத்தனை பிரதிகளுக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண்ணால் எழுதக் கேளுங்கள், மின்னூலும் அந்தக் கணக்கில் வரட்டும். உடல்நலம், முதலுதவி, மின்சாரம், சட்டம் போன்ற நூல்களுக்குத் திருத்தக் காலமும் திருத்தக் கட்டணமும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். திருத்தம் இல்லாமல் மறுபதிப்பு இல்லை என்ற விதியும் வேண்டும். இவற்றை மொத்தமாக விற்கவே கூடாது. முன்பணம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சரி.

குறிப்பேட்டில் மூன்றாவது நெடுவரிசை ஒன்று தேவை. தகவல், மூலம் இரண்டோடு, இது மாறக்கூடியதா என்ற குறிப்பு. எண்ணிக்கைகள், உயர் சாதனைகள், மருத்துவ அறிவுரைகள், வரையறைகள் ஆகியவற்றின் அருகே ஒரு குறி போட்டுவைத்தால், எதை மீண்டும் பார்க்க வேண்டும் என்று நூல் முழுவதையும் படிக்காமலே தெரிந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்தது என்று தோன்றும் வரிக்கு மூலம் எழுதுவது இன்னும் அவசியம். வலிப்பு பற்றிய வரி தப்பிப் போனது அந்த ஓட்டை வழியாகத்தான்.

இலக்கியப் பொறுப்பாளரை உடல் தளர்ந்த பிறகு தேடக் கூடாது. பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். பல நாடுகளில் அது 60 அல்லது 70. அத்தனை காலம் யாரோ ஒருவர் மறுபதிப்புக்கு ஒப்புதல் தரவோ மறுக்கவோ போகிறார். எந்த நூலை அப்படியே விடலாம், எதைத் திருத்தாமல் அச்சிடக் கூடாது, எதை இனி வெளியிடவே வேண்டாம் என்று நூல் வாரியாக எழுதிய தாள் ஒன்று, எல்லா ஒப்பந்த நகல்களோடும் அவர் கையில் இருக்க வேண்டும். இந்நிகழ்வில் அந்தத் தாள் பாதி நூல்களுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. மீதியை இளைய எழுத்தாளர் நூலகத்தில் அமர்ந்து, குறிப்பேடுகளைப் பார்த்து எழுதிவருகிறார்.